இடுப்புக் குழந்தையும் அண்டை வீட்டுத் தாயும்

ஆடி மாதத்தில் நம் சங்கரன்கோவிலில் நடைபெறும் தபசுத் திருவிழாவை அறியாதார் தென்பாண்டி நாட்டில் இலர். சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாய் நிற்பதைக் காணும்பொருட்டுக் கோமதி அம்மை தவங்கிடந்த கதையை நம் பாட்டிமார் நமக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றனர். அத்திருநாளில் கரிசற்காட்டு ஊர்களினின்றும் வரும் குடியானவர் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் தானியத்தையும் அம்மையின் சப்பரத்தின்மேல் வாரி இறைப்பது வழக்கம். அக்கூட்டத்தில் நாம் எளிதிற் கவனியாது விடும் காட்சி ஒன்றுண்டு. இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாய் வந்து நிற்கும் தாய்மாரே அக்காட்சி. திருவிழா முடிந்த மறுநாள் அத்தாய் பருத்திக் காட்டிற்கோ, தறிக்கோ, தீப்பெட்டி வேலைக்கோ போய்விடுகிறாள். அப்பொழுது அவ்விடுப்புக் குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது?

இவ்வினாவிற்கு விடை கூறும் சரித்திரம் ஒன்றுண்டு. ஆயினும் அது கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டதன்று. அரசர் வெட்டிய குளத்திற்கும் கட்டிய கோபுரத்திற்கும் சாசனம் உண்டு. அண்டை வீட்டுக்காரி ஊட்டிய ஒரு கவளம் சோற்றிற்குச் சாசனம் ஏது? எனினும், வறிய குடும்பங்களின் சிறு மகாரைக் காத்துவந்த தொண்டின் வரலாற்றை ஓரளவேனும் தொகுத்துப் பார்ப்பது நம் சங்கத்தாருக்குப் பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

பண்டு இத்தொண்டிற்குத் தனிப் பெயர் இருந்ததில்லை. பிள்ளை பெற்ற வீட்டிற்கு மருத்துவச்சி வருவாள். உற்றார் உரைமருந்து இழைத்துக் கொடுப்பர். தாய்க்குப் பால் சுரக்கவில்லையாயின் தெருவிலுள்ள வேறொருத்தி தன் பாலைக் கொடுப்பாள். காட்டு வேலைக்குப் போகும் தாய், கண்பார்வை மங்கிய கிழவி ஒருத்தியின் பக்கத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டுப் போவாள். இஃது உறவு முறையாலும் அயல் முறையாலும் நடந்த உதவி. இதன் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் இதற்கு இரண்டு குறைகள் உண்டென்பதை மறைத்தலும் தகாது. ஒன்று, அவ்வுதவி பெரும்பாலும் தத்தம் தெருவோடும் சாதியோடும் நின்றுவிட்டது. மற்றொன்று, ஊரார் அனைவரும் ஒருங்கே பசித்த காலத்தில் அது முற்றும் அற்றுப்போயிற்று.

இவ்விரண்டாவது குறையைத் தாது வருஷப் பஞ்சம் காட்டிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் முதலிய ஜில்லாக்கள் பெருங்கொடுமைக்கு உள்ளாயின. தென்னாடும் அதன் வாய்க்குத் தப்பவில்லை. நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு அளிக்கும் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைக்கலாம் என்று 1877-ஆம் ஆண்டில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் ஏற்பாடு செய்தார். இஃது உயிரைத் தாங்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் வலிய வாதாடினார். கஞ்சித் தொட்டிக்கு நடந்து வரக்கூடியவனுக்கே கஞ்சி. மண் சுமக்கக்கூடியவனுக்கே கூலி. ஆகவே, நடக்கவும் சுமக்கவும் இயலாத சிறு மகவிற்கு அதன் தாயின் பங்கே பங்காயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் வேண்டுகோளுக்கிணங்க, லண்டன் மாநகரத் தலைவர் நிதி ஒன்றைத் தொடங்கினார். அந்நிதியை ஜில்லாதோறும் பகிர்ந்தளிக்க உள்ளூர்க் கமிட்டிகள் அமைந்தன. அநாதைக் குழந்தைகளைப் பேணுதலும், வெளியில் வந்து கையேந்த நாணும் குடும்பங்களுக்கு உதவுதலும், ஆடை அளித்தலும், உழவர்க்கு வித்தும் வீடும் சீர்செய்யப் பொருள் கொடுத்தலும் அக்கமிட்டிகளின் நோக்கங்களாயிருந்தன. உதவி பெறுவோன் உதவி தரும் இடத்திற்கு வர வேண்டுமா, உதவி அவன் வாசலுக்குச் செல்ல வேண்டுமா என்ற கேள்வி அப்பஞ்சத்திலேயே எழுந்துவிட்டது. பின்வந்த நூறாண்டு வரலாறும் இக்கேள்வியைச் சுற்றியே நடந்தது என்று கூறின் மிகையாகாது.

நிற்க. பஞ்சம் நீங்கிய பின்னர் நம் நாட்டுச் சமூகச் சங்கங்கள் செய்த ஒரு நற்செயலை ஈண்டு நினைவுகூர வேண்டும். விருதுநகரில் நாடார் உறவின்முறையார், வியாபாரத்தில் மகமை என்னும் பெயரால் ஒரு சிறு பகுதியைப் பொதுவிற்கு ஒதுக்கி, 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். அப்பள்ளிக்கென்று வீடுதோறும் பெண்மக்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். இதுவே பிடியரிசி. நாளொன்றுக்கு ஒரு பிடி எந்த ஏழையையும் வறியவனாக்காது. ஓராண்டு சேர்ந்தால் ஒரு பள்ளியைத் தாங்கும். இதனினும் சிறந்த செய்தி யாதெனின், அப்பள்ளி தம் இனத்தார்க்கு மட்டும் என்று கதவடைக்காது பிற சமூகத்துப் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டதுதான். சங்கங்கள் தம்மவர்க்காகத் தொடங்குதல் இயல்பு; தம்மவரோடு முடித்துவிடாமையே பெருமை.

அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவரே பிற்காலத்தில் முதலமைச்சரான காமராசர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்னும் உண்மை புதியதன்று; 1920-ஆம் ஆண்டிலேயே ஸர் பி. தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில், மாணவன் ஒருவனுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில், பகற் சிற்றுண்டி வழங்கத் துணிந்தது. ஆனால் அதைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது காமராசர் காலம். நம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் 1956-ஆம் ஆண்டில் அப்பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. அப்பொழுது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதனை ஊரார் இயக்கமாகவே நடத்தினார். ஊர்தோறும் குழு அமைத்து, நெல்லும் விறகும் காய்கறியும் தண்டிச் சோறு வடித்தனர். பின்னர் சர்க்கார் பங்கு கொடுக்க முன்வந்தபொழுதும், வேளை ஒன்றுக்குப் பத்துப் பைசாச் செலவில் ஆறு பைசாவைச் சர்க்காரும் நான்கு பைசாவை ஊராரும் ஏற்பது என்ற ஏற்பாடே இருந்தது. பிடியரிசியின் தத்துவம் சர்க்கார் கணக்கிலும் இடம்பெற்றது என்று நாம் மகிழலாம்.

ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சோறு பள்ளிக்கூடத்தில் வடிக்கப்பட்டது. பள்ளிக்கு நடந்து வரும் ஐந்து வயதுப் பிள்ளை உண்டது. அதன் தங்கையாகிய இடுப்புக் குழந்தை வீட்டில் இருந்தது. பல வீடுகளில் அத்தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டே அக்காள் பள்ளிக்கு வராது நின்றாள். ஆகவே ஒரு குழந்தைக்குச் சோறும் எழுத்தும் இல்லை. மற்றொரு குழந்தைக்குத் தக்க பேணலும் இல்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா காந்தி அம்மையார் உயிர் நீத்தார். அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்டக் குறித்தனர். மக்கள் அதற்கு மேலும் கொடுத்தனர். அந்நிதி நகரத்திற்கு அன்று, கிராமத்துப் பெண்டிர்க்கும் குழந்தைகட்குமே செலவிடப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கட்டளை. தமிழ்நாட்டில் அப்பணியைத் தாங்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியைப் பூர்வீகமாகவுடைய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வியாகிய இவர், இளமையிலேயே கணவரை இழந்து, அதன் பின்னர் டில்லி சென்று வைத்தியக் கல்வி கற்றவர். செல்வக் குடியிற் பிறந்தும், 1947-ஆம் ஆண்டில் தம் கணவர் ஜி. இராமச்சந்திரனுடன் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டிப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவி, கிராம சேவிகைகளைப் பயிற்றி ஊர்தோறும் அனுப்பினார்.

கிராம சேவிகை என்பவள் யார்? அவள் வைத்தியரும் அல்லள், அதிகாரியும் அல்லள். பிரசவத்திற்குத் துணை நிற்பாள். குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பாலர் வகுப்பு நடத்துவாள். தாய்மார்க்குச் சுத்தத்தையும் உணவின் குணத்தையும் சொல்லுவாள். அவள் செய்த மிகப் பெரிய காரியம் வீட்டு வாசலுக்குச் சென்றதே. தாது வருஷத்தில் எழுந்த கேள்விக்கு நம் நாட்டில் பிறந்த தெளிவான விடைகளுள் இஃது ஒன்று.

இத்தகைய தனித் தொண்டுகள் பல இடங்களில் முளைத்த பின்னரே சர்க்கார் அதனைப் பெருந்திட்டமாக்கியது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி இந்திய சர்க்கார் 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அங்கன்வாடி என்னும் பெயர் நம் வீட்டுச் சொல்லானது அதன் பின்னரே. அதை அடுத்து 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உலக வங்கியின் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பிறந்தது. மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலிற் பரீட்சை செய்யப்பட்டு, பின்னர் ஆறு ஜில்லாக்களுக்கு விரிந்தது. அவற்றுள் நம் திருநெல்வேலியும் ஒன்று. இப்பொழுது தென்காசி ஜில்லாவைச் சேர்ந்த சங்கரன்கோவில் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவிலேயே இருந்தது. தென்காசி தனி ஜில்லாவானது 2019-ஆம் ஆண்டில்தான்.

இத்திட்டத்தின் நடைமுறையைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். ஏனெனில், நம் தலைப்பின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது. பள்ளிச் சோறு தொடாத பருவமாகிய ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளே இதன் முதற் கவலை. ஒவ்வொரு மாதமும் குழந்தையைத் தொங்கு தராசில் இட்டு எடை பார்த்து, அதனை ஓர் அட்டையில் புள்ளியிட்டுக் கோடிழுத்தனர். கோடு மேலேறினால் குழந்தை வளர்கிறது. ஏறாது படுத்துவிட்டால், குழந்தை மெலிந்து கண்ணுக்குத் தெரியும் முன்னரே ஆபத்து தெரிந்துவிடும். அவ்வாறு வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்தனர். எடை ஏறியதும் நிறுத்தினர். எல்லார்க்கும் எப்பொழுதும் என்று இறைக்காமல், வேண்டியவர்க்கு வேண்டிய பொழுது கொடுத்தமையால் பொருளும் வீணாகவில்லை. தாயும், தன் குழந்தை ஏன் தளர்ந்தது, எப்படித் தேறியது என்பதைக் கண்கூடாகக் கற்றாள்.

இவ்வேலைக்கு ஊழியர்களைத் தேர்ந்த முறைதான் மிகவும் வியக்கத்தக்கது. பட்டதாரிகளைத் தேடவில்லை. அதே ஊரில் வாழ்பவளாய், ஓரளவு எழுதப் படிக்கக் கற்றவளாய், தானும் ஏழையாயிருந்தும் தன் குழந்தைகளை நோயின்றி வளர்த்தவளாய் உள்ள தாயையே விரும்பித் தேர்ந்தனர். இதன் கருத்து எளிது. செல்வர் வீட்டு அம்மாள் வந்து, பிள்ளைக்குப் பருப்பும் கீரையும் கொடு என்றால், உனக்கென்ன தெரியும் என் பாடு என்று ஏழைத் தாய் மனத்துள் எண்ணுவாள். தன்னைப் போலவே கூலிக்குப் போய், தன்னைப் போலவே கேழ்வரகுக் கூழ் காய்ச்சிப் பிள்ளை வளர்த்த பக்கத்துத் தெருக்காரி அதையே சொன்னால் கேட்பாள். அவளுக்குத் துணையாக ஊர்தோறும் மகளிர் குழுக்கள் அமைந்தன. எடை போடும் நாளில் தாய்மாரைக் கூட்டி வருதலும், சத்துமாவை இடித்து உருண்டை பிடித்தலும், வராத வீட்டிற்குச் சென்று விசாரித்தலும் அப்பெண்களின் பணிகள். பத்தாண்டு முடிவில், திட்டம் நடந்த இடங்களில் கடுமையான சத்துக்குறைவு மூன்றிலொரு பங்கு முதல் பாதியளவு வரை குறைந்தது என மதிப்பிட்டனர். இதற்குத் தராசும் காரணம், உருண்டையும் காரணம். எனினும் வாசலுக்கு நடந்த கால்களே முதற் காரணம் என்பது நம் துணிபு.

இதனோடு, 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அப்போதைய முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் கிராமப்புறங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளையும் பந்திக்கு அழைத்தது. அச்சமையற் கூடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முதலிடம் கொடுக்கப்பட்டது. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்துண்ட காட்சியைச் சில ஊர்கள் முகஞ்சுளித்தே ஏற்றன. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தாள் என்பதற்காகப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போன பெற்றோரும் உண்டு. இது நமக்குத் தலைகுனிவு. சங்கரனையும் நாராயணனையும் ஒருவராகக் கண்டு கும்பிடும் ஊரார், இரண்டு தெருக் குழந்தைகளை ஒரு பந்தியிற் காணக் கூசுவது எவ்வாறு பொருந்தும்?

நம் நாட்டில் மட்டுமன்று, செல்வம் கொழிக்கும் தேசங்களிலும் இதே உண்மை கண்டறியப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 1973-ஆம் ஆண்டில் மார்கரெட் ஹாரிசன் என்னும் அம்மையார் ஒரு தொண்டைத் தொடங்கினார். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையுள்ள, துன்பத்தில் ஆழ்ந்த குடும்பத்திற்கு, தானும் பிள்ளை வளர்த்த ஒருவர் வாரந்தோறும் சில மணி நேரம் சென்று துணையிருப்பதே அத்தொண்டு. பணம் கொடுப்பதன்று, பாடம் புகட்டுவதன்று. குழந்தையை ஏந்திக்கொண்டு தாய்க்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. அங்குப் பசியினும் தனிமை கொடிது. இங்குத் தனிமையினும் பசி கொடிதாயிருந்தது. இப்பொழுதோ, வேலை தேடிக் கணவன் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, மாமியார் துணையும் அற்றுத் தனித்திருக்கும் இளந்தாய்மார் நம் கிராமங்களிலும் உளர். ஆகவே அவ்விலெஸ்டர் நகரத்து வழியும் நமக்கு அந்நியமன்று.

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. வாசல்தோறும் நடந்த அப்பெண்களை நாம் தொண்டர் என்று புகழ்ந்தோம். புகழ்ச்சியைக் கொண்டே கூலியை ஈடுகட்டவும் பார்த்தோம். அங்கன்வாடி ஊழியர் பெறுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம் என்றே ஏட்டில் எழுதப்பட்டது. பல்லாண்டு உழைத்து ஓய்வு பெறும் அங்கன்வாடி ஊழியர்க்கும் உதவியாளர்க்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022-ஆம் ஆண்டில்தான்; திட்டம் தொடங்கி 47 ஆண்டுகள் கழிந்த பின்னர்! பிறர் குழந்தைக்கு எடை பார்த்தவளின் சொந்தக் குழந்தை அன்று யார் பொறுப்பில் இருந்தது என்று நாம் கேட்டோமா? விரும்பி வாரத்தில் இரண்டு நாழிகை கொடுப்பது தொண்டு. நாள் முழுதும் உழைப்பது வேலை. முன்னதற்கு நன்றி போதும். பின்னதற்குக் கூலி வேண்டும். இரண்டையும் குழப்புவது தர்மத்தின் பெயரால் செய்யும் அநீதியாகும்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து நம் சங்கத்தார் செய்யத்தக்கது யாது? புதிய கட்டிடம் எழுப்பி அதன் நெற்றியில் பெயர் பொறிப்பதன்று. சோறும் மருந்தும் தராசும் சர்க்கார் வைத்திருக்கிறது. அவற்றிற்கும் குடிசைக்கும் இடையிலுள்ள பத்து வீட்டுத் தூரத்தை நடந்து கடக்க ஆள் வேண்டும். தெருவிற்கு இருவராக, பிள்ளை வளர்த்துக் கைபழகிய தாய்மார் முன்வருவாராக. மாதத்தில் எடை போடும் நாளன்று வேலைக்குப் போன தாயின் குழந்தையை அவர்கள் தூக்கிச் செல்லலாம். தலைப்பிள்ளை பெற்றுக் கலங்கியிருக்கும் இளம்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட சிறுமியைப் பள்ளிக்கு அனுப்ப வழி செய்யலாம். ஒரு வீட்டிற் கண்ட குறையை மறுவீட்டிற் பேசாமலிருப்பது அவர்களுக்கு முதல் விரதமாக வேண்டும். ஏனெனில், ஏழைக்கு மானம் ஒன்றே மிச்சம். அதையும் உதவி என்ற பெயரால் பறித்தல் ஆகாது.

இவ்வுதவியை நம் இனத்து வீடுகளோடு நிறுத்திக்கொள்வோமா என்று சிலர் கேட்கக்கூடும். சங்கத்தின் பணம் சங்கத்தாருக்கே என்பது கணக்குப்பிள்ளையின் நியாயம். அண்டை வீட்டுப் பசிக்கு அந்நியாயம் செல்லாது. நம் தெருவிலிருந்து தொடங்குவோம். ஆயின் தெருமுனையில் நின்றுவிட வேண்டாம். தொங்கு தராசில் இட்ட குழந்தை தன் எடையைக் காட்டுகிறதே அன்றித் தன் சாதியைக் காட்டுவதில்லை.

வருகின்ற ஆடித் தபசன்று நாம் கோவிலுக்குச் செல்வோம். கரிசற்காட்டு உழவர் அம்மையின் சப்பரத்தின்மேல் தம் விளைவை வாரி இறைக்கும்பொழுது நாமும் கைகூப்புவோம். அப்பொழுது நம் பக்கத்தில் இடுப்புக் குழந்தையுடன் நிற்கும் தாயைத் திரும்பிப் பார்த்து, "இப்படிக் கொடம்மா, சற்று நான் வைத்திருக்கிறேன்" என்று கைநீட்டுவோமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.